செவியாகும் விரல்கள்

நம் இல்லங்களில் அடிக்கடி நிகழும் காட்சி ஒன்று உண்டு. கூடத்தில் குடும்பத்தார் கூடியமர்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர். யாரோ ஒருவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கின்றனர். செவித்திறன் குன்றிய தாத்தா மட்டும் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துவிட்டு, அருகிலிருக்கும் பேரனிடம், "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்கிறார். "ஒண்ணுமில்ல தாத்தா" என்கிறான் பேரன். தாத்தா தலையசைத்துக்கொண்டு மீண்டும் தம் மௌனத்துக்குள் திரும்பிவிடுகிறார்.

அந்த 'ஒன்றுமில்லை' தீய எண்ணத்தோடு சொல்லப்பட்டதன்று. சொன்னதையே மீண்டும் சொல்லச் சோம்பல், அவ்வளவே. ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பெரியவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவரைக் கேளாமலேயே நாம் முடிவு செய்துவிடுகிறோம். கூடத்தில் அவர் அமர்ந்திருக்கிறார். உரையாடலிலோ அவருக்கு இடமில்லை.

இத்தகைய தீர்ப்பை ஒருபோதும் வழங்குவதில்லை என்னும் உறுதியின்மேல் எழுந்த தொழில் ஒன்று உலகில் இருக்கிறது. ஒருவர் பேசப் பேச, அப்பேச்சை அடுத்த சில நொடிகளிலேயே எழுத்தாக்கி, காது கேளாதவர் கண்முன் திரையில் ஓடச் செய்யும் பணி அது. மேலைநாடுகளில் இப்பணியாளரைக் 'கேப்ஷனர்' என்பர். இக்கட்டுரையில் நாம் அவரை 'நேரடி எழுத்தர்' என்று அழைப்போம். அவருடைய தொழில் அறம் எங்கிருந்து பிறந்தது, நம்மைப் போன்ற இறைமக்களுக்கு அது என்ன கற்றுத் தருகிறது என்பதைச் சற்றே வரலாற்றின் வழி நின்று காண்போம்.

யாருக்காக எழுதினார்கள்?

பேச்சின் வேகத்துக்கு எழுத்தை ஓடச் செய்யும் கலை மிகப் பழமையானது. கி.மு. 63ஆம் ஆண்டில் உரோமை ஆட்சி மன்றத்தில் கேட்டோ ஆற்றிய உரை ஒன்று அழியாமல் காக்கப்பட்டது எவ்வாறு என்பதைப் புளூட்டார்க் குறித்து வைத்திருக்கிறார். அப்போது ஆட்சித் தலைவராக இருந்த சிசெரோ, விரைந்து எழுதும் குறிகளில் பயிற்சி பெற்றவர்களை மன்றத்தின் பல இடங்களிலும் அமர்த்தியிருந்தாராம். இக்குறியெழுத்து முறை சிசெரோவிடம் அடிமையாயிருந்து பின்னர் விடுதலை பெற்ற தீரோ என்பவரின் பெயரால் வழங்கப்படுகிறது.

தொடக்கத் திருச்சபையும் இக்கலைக்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஹிப்போ நகரின் ஆயரான புனித அகுஸ்தீனார் எழுதிப் படிக்காமல், மக்கள் முகத்தைப் பார்த்தே மறையுரை ஆற்றியவர். அவருடைய நூற்றுக்கணக்கான மறையுரைகள் இன்று நம் கைகளில் இருக்கின்றன என்றால், ஆலயத்தில் அமர்ந்து அவற்றைச் சுருக்கெழுத்தில் பதிவு செய்த எழுத்தர்களே அதற்குக் காரணம். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

நெடுங்காலத்துக்குப் பின், 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் ஒலியை அடிப்படையாகக் கொண்ட சுருக்கெழுத்து முறையை வெளியிட்டார். நம் நாட்டு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பல தலைமுறையினர் பயின்ற முறை அதுவே. அமெரிக்காவில் சுருக்கெழுத்துக்கெனத் தனி இயந்திரம் உருவாயிற்று. அதில் எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தட்டுவதில்லை. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல் ஒரே நேரத்தில் அழுத்துவர். இடக்கை விரல்கள் அசையின் தொடக்க மெய்யையும், கட்டை விரல்கள் உயிரொலியையும், வலக்கை விரல்கள் இறுதி மெய்யையும் பதியும். இந்த இயந்திரம் நீதிமன்றங்களில் நிலைபெற்றது.

இந்நெடிய வரலாற்றில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தீரோவின் காலம் முதல் நீதிமன்ற எழுத்தர் காலம் வரை, இக்கலை பேசுகிறவருக்கோ பதிவேட்டுக்கோ பணி செய்தது. சிசெரோவின் புகழுக்காக, பேரரசரின் ஆணைக்காக, வழக்கின் ஆவணத்துக்காகச் சொற்கள் பிடித்து வைக்கப்பட்டன. கேட்க இயலாமல் ஓரத்தில் நின்ற மனிதருக்காக எவரும் எழுதவில்லை.

எழுத்தாணியோடு இரு மறைசாட்சிகள்

இத்தொழிலோடு தொடர்புடைய இரு புனிதர்களைத் திருச்சபை நினைவுகூர்கிறது. ஒருவர் இமோலாவின் புனித கசியான். அவரது நினைவு நாள் ஆகஸ்ட் 13. அவர் சிறுவர்களுக்குச் சுருக்கெழுத்துக் கற்பித்த ஆசிரியர். கிறிஸ்தவர் என்பதற்காகத் தண்டனை பெற்றபோது, அவருடைய மாணவர்களிடமே அவர் ஒப்புவிக்கப்பட்டார் என்றும், அவர்கள் தம் எழுத்தாணிகளாலேயே அவரைக் குத்திக் கொன்றனர் என்றும் கவிஞர் புருதென்சியுஸ் பாடியிருக்கிறார். எழுதுகோல் கொலைக்கருவியும் ஆகக்கூடும் என்னும் எச்சரிக்கையை அந்த மரணம் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

மற்றவர், ஆகஸ்ட் 25இல் நாம் நினைவுகூரும் ஆர்ல்ஸ் நகரத்துப் புனித ஜெனேசியுஸ். அவர் நீதிமன்ற எழுத்தர், திருமுழுக்குக்காகக் காத்திருந்தவர். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தும் ஆணை ஒருநாள் அவர் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. அதைப் பதிவு செய்ய வேண்டிய கை அவருடையது. அவரோ எழுதுபலகையை நடுவரின் காலடியில் எறிந்துவிட்டு வெளியேறினார். ரோன் ஆற்றை நீந்திக் கடந்தும் பிடிபட்டு, தலை வெட்டுண்டு மாண்டார் என்பது மரபு. திருமுழுக்குத் தண்ணீருக்குக் காத்திருந்தவர் தம் இரத்தத்தாலேயே திருமுழுக்குப் பெற்றார்.

எழுத மறுத்ததால் புனிதரானவர் ஜெனேசியுஸ். இன்றைய நேரடி எழுத்தரின் அறமோ, எதையும் எழுத மறுக்காதே என்கிறது. இவ்விரண்டும் முரண்படுகின்றனவா? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

காலந்தாழ்ந்த செய்தி

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில், ஜூலியா சைல்ட் நடத்திய சமையல் நிகழ்ச்சி ஒன்று முதன்முதலாகக் காது கேளாதோருக்கான எழுத்துக்களுடன் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டில் மாலைச் செய்தியும் எழுத்துடன் வரத் தொடங்கியது. ஆனால் அது உடனுக்குடன் வரவில்லை. ஒளிபரப்பான செய்தியைப் பதிவு செய்து, பணியாளர்கள் விரைந்து எழுத்துச் சேர்த்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒளிபரப்பினர். ஊரே செய்தியைக் கேட்டு, பேசி, உறங்கப் போகும் வேளையில்தான் காது கேளாதவரின் வீட்டுக்கு அன்றைய உலகம் வந்து சேர்ந்தது.

இன்னொன்றும் நிகழ்ந்தது. அக்காலத்தில் எழுத்துச் சேர்ப்போர் பேச்சைச் சுருக்கியும், வாக்கியங்களை எளிமைப்படுத்தியும் கொடுத்தனர். காது கேளாதோரால் அவ்வளவு விரைவாகப் படிக்க இயலாது என்று கருதினர். எண்ணம் நல்லெண்ணமே. ஆனால் செவித்திறன் இழந்தோர் பலர் அதை ஏற்கவில்லை. மற்றவர் கேட்பதை நாங்களும் முழுதாக அறிய வேண்டும்; எங்களுக்கென்று வடிகட்டித் தரவேண்டாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. பேரனின் 'ஒன்றுமில்லை' இங்கே மரியாதையான உடை உடுத்திக்கொண்டு வந்ததை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டனர்.

1980 மார்ச்சு 16 முதல், தனிக் கருவி பொருத்திய தொலைக்காட்சிகளில் மட்டும் எழுத்துத் தெரியும் முறை நடைமுறைக்கு வந்தது. 1982ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. நீதிமன்றச் சுருக்கெழுத்து இயந்திரத்தைக் கணினியோடு இணைத்து, அவ்வாண்டு ஆஸ்கார் விருது விழாவையும், அக்டோபர் முதல் மாலைச் செய்தியையும் நேரடியாகவே எழுத்தாக்கினர். காது கேளாதவரும் மற்றவரும் ஒரே வேளையில் ஒரே செய்தியை அறியும் நாள் பிறந்தது.

1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின்படி, 1993 சூலை முதல் அமெரிக்காவில் விற்பனையாகும் 13 அங்குலத்துக்கும் அதற்கு மேலும் திரையுள்ள தொலைக்காட்சிப் பெட்டி ஒவ்வொன்றிலும் இவ்வசதி உள்ளேயே அமைந்திருத்தல் கட்டாயமாயிற்று. அதே 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், வகுப்பறை, மருத்துவமனை, நீதிமன்றம், அலுவலகம் ஆகிய இடங்களில் காது கேளாதோருடன் பயனுள்ள முறையில் கருத்துப் பரிமாற வழிசெய்யுமாறு பணித்தது. தொலைக்காட்சி நிலையத்தில் இருந்த நேரடி எழுத்தர் இப்போது ஒரு தனி மனிதரின் அருகில் வந்து அமர்ந்தார்.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள கலை அன்றுதான் தன் எசமானரை மாற்றிக்கொண்டது. பேசுகிறவருக்கும் பதிவேட்டுக்கும் பணி செய்த விரல்கள், கேட்க இயலாதவருக்குச் செவியாயின. இத்தொழிலின் அறம் முழுவதும் இந்த மாற்றத்திலிருந்தே பிறந்தது என்பது நம் துணிபு.

சரிபார்க்க இயலாதவர்முன் நேர்மை

கடைக்காரர் குறைத்து நிறுத்தால், வேறு தராசில் நிறுத்து அறியலாம். நீதிமன்ற எழுத்தர் பிழை செய்தால், வழக்கறிஞர் எழுந்து மறுப்பார். ஆனால் நேரடி எழுத்தர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால், காது கேளாதவர் அதை எவ்வாறு அறிவார்? விடுபட்ட சொல் விடுபட்டதாகவே அவருக்குத் தெரியாது. ஆகவே இங்கு நேர்மைக்குக் காவல் மனச்சான்று ஒன்றே. இத்தொழிலில் ஏற்கப்பட்டுள்ள கடமைகளை நான்காகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, முழுமை. அமெரிக்க நீதிமன்ற எழுத்தர் சங்கம் வழங்கும் அடிப்படைச் சான்றிதழுக்கு, சாட்சிய விசாரணைப் பகுதியில் நிமிடத்துக்கு 225 சொற்களை 95 விழுக்காடு பிழையின்றிப் பதிய வேண்டும். கேட்கப் பெரிதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நிமிடத்துக்கு 150 சொற்கள் பேசும் மருத்துவரின் உரையில் ஐந்து விழுக்காடு பிழை என்றால், நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொற்கள் பிழைபடும். அவற்றுள் ஒன்று 'இல்லை' என்னும் சொல்லாக இருந்துவிட்டால்? நோய் இல்லை என்பது நோய் உண்டு என்றாகிவிடும். நீதிமன்ற எழுத்தர் இரவில் அமர்ந்து திருத்தலாம். நேரடி எழுத்தருக்கு அந்த இரவு இல்லை. சொற்கள் மட்டுமல்ல, அறையில் எழுந்த சிரிப்பு, கைதட்டல், வெளியே ஒலித்த அபாயச் சங்கு ஆகியவற்றையும் அவர் குறிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், தொலைக்காட்சி எழுத்துக்குரிய தரங்களாகத் துல்லியம், உடன்நிகழ்வு, முழுமை, திரையில் தகுந்த இடம் ஆகிய நான்கையும் வகுத்தது.

இரண்டாவது, மறைகாத்தல். காது கேளாதவரின் நோய், குடும்ப வழக்கு, தேர்வில் அடைந்த தோல்வி ஆகிய அனைத்தும் எழுத்தரின் விரல் வழியாகவே செல்கின்றன. அவர் அறிந்ததை வெளியே சொல்லலாகாது. கணினியில் தங்கியுள்ள உரையையும் உரியவரின் இசைவின்றி எவருக்கும் கொடுக்கலாகாது.

மூன்றாவது, குறுக்கிடாமை. எழுத்தர் ஆலோசகர் அல்லர். மருத்துவரின் பேச்சு அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். மாணவரின் விடை தவறென்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். தம் கருத்தை இடையே நுழைக்க அவருக்கு உரிமையில்லை. பரிவு காரணமாகக் கொடுஞ்சொல்லை மென்மையாக்கவும் உரிமையில்லை.

நான்காவது, தன் எல்லை அறிதல். தமக்குத் தெரியாத துறையின் பணியை ஏற்று, தட்டுத் தடுமாறி ஒப்பேற்றுவது களவுக்கு நிகர். கேட்காத சொல்லை ஊகித்து நிரப்பாமல், கேட்கவில்லை என்றே எழுதிவிடுவதுதான் வாய்மை.

இந்நெறிகள் வெறும் வெளியில் முளைத்தவை அல்ல. சைகை மொழிபெயர்ப்பாளர்கள் அமெரிக்காவில் 1964இல் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, மறுஆண்டே தங்களுக்கென அறநெறித் தொகுப்பை வகுத்துக்கொண்டனர். மறைகாத்தலும் நடுநிலையும் அங்கும் அடிக்கற்கள். காது கேளாதோர் அனைவருக்கும் எழுத்தே ஏற்றது என்று எண்ணிவிடலாகாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்குச் சைகையே செவி.

எறியப்பட்ட பலகையும் எழுதும் கையும்

இப்போது ஜெனேசியுசிடம் திரும்புவோம். அவர் முன்னிருந்த ஆணை, எழுதப்பட்டால் செயல்பட்டு அப்பாவிகளை அழிக்கும். அவருடைய எழுத்து அநீதியின் கருவியாக இருந்திருக்கும், ஆகவே மறுத்தார். நேரடி எழுத்தர் நிலை வேறு. ஓர் அதிகாரி காது கேளாத பணியாளரின் முன்னிலையிலேயே அவரை இழிவாகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அச்சொல் ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்டது. அறையிலுள்ள மற்ற எல்லாரும் கேட்டுவிட்டனர். எழுத்தர் அதை எழுதாமல் விட்டால் இழிவு மறைவதில்லை. இழிவுற்றவருக்கு மட்டும் அது மறைக்கப்படுகிறது. எதிர்த்துப் பேசவோ, வெளியேறவோ, மன்னிக்கவோ அவருக்கிருந்த உரிமை பறிபோகிறது. தமக்கு நேர்ந்ததையே அறியாதவர் எதை மன்னிப்பார்?

ஆகவே ஜெனேசியுஸ் எறிந்த பலகையும், இன்றைய எழுத்தர் எறியாத இயந்திரமும் ஒரே கேள்விக்கு விடையளிக்கின்றன: என் எழுத்தால் எளியவருக்கு விளைவது என்ன? எளியவரை அழிக்கும் எழுத்தை மறுப்பதும், எளியவருக்கு உரிய எழுத்தைக் குறைக்காமல் கொடுப்பதும் ஒரே அறத்தின் இரு முகங்கள்.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வறத்தைத் திருச்சபை அறியாததன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவ அறிக்கை செய்ய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 990ஆம் சட்டம் இடமளிக்கிறது. 983ஆம் சட்டம் அம்மொழிபெயர்ப்பாளரையும் இரகசியம் காக்கக் கடமைப்படுத்துகிறது. அதை மீறுவோருக்குத் திருச்சபையிலிருந்து விலக்குதல் வரை தண்டனை உண்டு. இன்னொருவரின் உள்ளம் தன் வழியாகக் கடந்து செல்ல இடம் கொடுப்பவர் எத்துணைப் புனிதமான தளத்தில் நிற்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் நம் கணக்கில் கடனும் உண்டு. 1880இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையைத் தள்ளி, வாய்ப்பேச்சு முறையையே கைக்கொள்ளுமாறு தீர்மானித்தது. அங்கு வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் செவிப்புலன் உடையவர்கள். மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஜூலியோ தர்ரா ஒரு குரு. நன்மை செய்கிறோம் என்றே அவர்கள் நம்பினர். அத்தீர்மானத்தின் சுமையைப் பல தலைமுறைக் காது கேளாத குழந்தைகள் சுமந்தனர்.

மிலானுக்கு ஏன் போக வேண்டும்? பல ஆண்டுகளுக்கு முன், நோயில் பூசுதல் கொடுக்கச் சென்ற இடத்தில், செவித்திறன் இழந்த ஒரு பாட்டியின் படுக்கையருகே நாம் நின்றோம். மருத்துவர் மகனிடமும் நம்மிடமும் நெடுநேரம் பேசினார். பாட்டி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டர் என்ன சாமி சொல்றாரு?" என்று கேட்டார். அவர் காதருகே குனிந்து நாம் உரக்கச் சொன்னது: "ஒன்றுமில்லை அம்மா; செபம் செய்யுங்கள்." அவர் புன்னகைத்தார். பத்து நாளில் இறந்தார். தூரத்தில் இருந்த மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருப்பாரோ, யாரோடாவது ஒப்புரவாக விரும்பியிருப்பாரோ, நாம் அறியோம். அறிந்துகொள்ளும் வாய்ப்பை அந்த 'ஒன்றுமில்லை' மூடிவிட்டது. ஆறுதல் என்று நாம் கொடுத்தது அவருக்குரிய நாட்களின் கணக்கை அவரிடமிருந்து மறைத்த செயலே. நேரடி எழுத்தர் ஒருவர் அங்கு இருந்திருந்தால் நம்மைவிட நேர்மையாக நடந்திருப்பார்.

மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் காது கேளாதவரை இயேசு குணப்படுத்தும் நிகழ்ச்சியை இப்போதெல்லாம் வேறு கண்ணோடு வாசிக்கிறோம். 'எப்பத்தா' என்னும் சொல்லுக்கு முன்னரே அவர் ஒன்று செய்கிறார். அம்மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். காதைத் தொட்டு, நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். செய்யப் போவதை அவர் கண்ணால் அறியும் வகையில் செய்கிறார். மரியாதை முதலில் வருகிறது. குணம் பின்னர் வருகிறது.

இன்று கைப்பேசியே பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிறது. பலருக்கு அது பெரும் உதவி, நன்றியோடு ஏற்போம். ஆனால் இயந்திரம் தவறாகக் கேட்ட சொல்லையும் பெரும்பாலும் தயக்கமின்றியே எழுதிவிடுகிறது. பல செயலிகளில் பேச்சு எங்கோ உள்ள கணினிக்குச் சென்றே திரும்புகிறது. மறைகாக்கும் மனச்சான்று அதற்கு இல்லை. அதை அமைப்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும்தான் அது வேண்டும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் சைகை மொழிபெயர்ப்பும் எழுத்துரையும் கிடைக்கச் செய்யும் பொறுப்பை அரசுகள்மேல் சுமத்தியிருக்கிறது. சட்டம் ஊடகத்தைப் பற்றிப் பேசுகிறது. வீட்டுக் கூடத்துக்கும் ஆலயத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் நாம்தான் பொறுப்பு.

பேச்சிழந்த செக்கரியாவின் வீட்டில், உறவினர் குழந்தைக்குத் தாங்களாகவே பெயர் சூட்ட முனைந்தனர். பின்னரே தந்தையிடம் சைகை காட்டிக் கேட்டனர். அவர் எழுதுபலகை ஒன்றைக் கேட்டு வாங்கி எழுதினார்; எல்லாரும் வியந்தனர். அவரைக் கேளாமலேயே விட்டிருந்தால், அக்குழந்தைக்கு இறைவன் குறித்த பெயரைத் தந்தை அறிவித்திருக்க இயலாது.

அடுத்த முறை நம் வீட்டுப் பெரியவர், "என்ன சொன்னாங்க?" என்று கேட்கும்போது, அருகில் சென்று, முகம் பார்த்து, சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டவாறே சொல்வோம். காதால் இயலாவிடில் ஒரு தாளில் எழுதிக் காட்டுவோம். சிரிப்புக்குரியது என்றால் அவரும் சிரிக்கட்டும். கண்ணீருக்குரியது என்றால் அவரும் அழட்டும். அந்த உரிமை அவருடையது.